கல்லூரிக் கட்டணம்: உதவித்தொகை, கல்விக் கடன் குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானபின் நமக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, பிள்ளைக்கு இடம் கிடைக்குமா என்று கேட்பதில்லை; இடம் கிடைத்தால் பணத்துக்கு என்ன செய்வது என்றே கேட்கின்றன. பலருக்கும் பயன்படக்கூடிய சில கேள்விகளைச் சுருக்கி, எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து, இங்கே வெளியிட்டுப் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தாள். நாங்கள் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். கணவர் கட்டட வேலைக்குச் செல்கிறார். எங்கள் இரு குடும்பங்களிலும் யாரும் பட்டம் பெற்றதில்லை. மகள் பொறியியல் படிக்க விரும்புகிறாள். ஊருக்கு வந்த ஒருவர், ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணமும் அசல் சான்றிதழ்களும் கொடுத்தால் ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இப்போதே இடம் உறுதி என்றும், உதவித்தொகையைக் கல்லூரியே பிறகு வாங்கித் தந்துவிடும் என்றும் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: கொடுக்க வேண்டாம், அம்மா. உங்கள் மகளுக்குக் கிடைக்கக்கூடிய உதவிகளில் மிகப் பெரியவை, அவள் எந்தக் கல்லூரியில் சேர்கிறாள் என்பதைவிட எந்த வழியில் சேர்கிறாள் என்பதைப் பொறுத்தே அமைகின்றன. இதைச் சேர்க்கைக்கு முன்பே யாரும் எடுத்துச் சொல்லாததால், உரிமையுள்ள பல பிள்ளைகள் அதை இழந்துவிடுகிறார்கள் என்பதுதான் எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களை முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டத்தைத் தமிழக அரசு 2021-ஆம் ஆண்டில் இயற்றியது. மருத்துவப் படிப்புக்கு அதற்கு முந்தைய ஆண்டிலேயே இத்தகைய சட்டம் வந்துவிட்டது. இந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாக இடம் பெறுவோரின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. எனவே உங்கள் மகள் முதலில் செய்ய வேண்டியது, தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை இணையதளத்தில் விண்ணப்பித்து, அதில் அரசுப் பள்ளி மாணவர் என்ற பகுதியைத் தவறாமல் நிரப்புவது. இடையில் பள்ளி மாறியிருந்தால், படித்த ஒவ்வொரு பள்ளியின் விவரமும் தேவைப்படும். ஆகவே, கடைசியாகப் படித்த பள்ளியின் தலைமையாசிரியரை உடனே சந்தித்து, வகுப்புவாரியாகப் பள்ளி விவரம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் கணினி இல்லையென்றால் கவலை வேண்டாம்; மாவட்டந்தோறும் உள்ள சேர்க்கை உதவி மையங்களில் விண்ணப்பத்தை நிரப்ப உதவுவார்கள்.

அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைக்காமல் பொதுக் கலந்தாய்வில் இடம் கிடைத்தாலும் வழி அடைபட்டுவிடாது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்கு, கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால், கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2010-11-ஆம் கல்வியாண்டிலிருந்து நடைமுறையில் உள்ள இந்தச் சலுகைக்கு வருமான வரம்பு கிடையாது. ஆனால் தாத்தா, பாட்டி, தாய், தந்தை, உடன்பிறந்தோர் என யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது என்பதும், ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே உண்டு என்பதும் விதி. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் ஆகியோருக்கான கல்வி உதவித்தொகை தனி. தொழிற்படிப்புகளுக்கு அதைப் பெற, பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும்.

இவற்றோடு, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும் உங்கள் மகளுக்கு உரியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் அமைந்த இத்திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. வேறு உதவித்தொகை பெற்றாலும் இதைப் பெறலாம் என்பது இதன் சிறப்பு. கல்லூரியில் சேர்ந்தவுடன் இதற்கான பொறுப்பாசிரியர் யார் என்று கேட்டு விண்ணப்பித்தால் போதும். மேலும், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித்தொகை, ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்துப் பெண்களுக்கு, ஒரு குடும்பத்தில் இருவர் வரை, ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் முதலாம் ஆண்டிலேயே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக, பிரகதியுடன் வேறோர் அரசு உதவித்தொகையைச் சேர்த்துப் பெற இயலாது என்பதால், இரண்டில் எது கூடுதல் பயன் தரும் என்று கணக்கிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இனி, அந்த நபர் சொன்ன நிர்வாக ஒதுக்கீட்டுக்கு, அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் இடங்களுக்கு வருவோம். அதில் சேர்ந்தால், மேலே சொன்னவற்றில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டின் முழுச் சலுகையும் முதல் பட்டதாரிச் சலுகையும் கிடைக்காது. கட்டணமும் அதே கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டண நிர்ணயக் குழு வரையறுத்த தொகையைவிடக் கூடுதலாக இருக்கும். உதவித்தொகையைப் பிறகு வாங்கித் தருகிறோம் என்று யார் சொன்னாலும், எந்தத் திட்டம், எந்த விதியின்படி என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். அசல் சான்றிதழ்களை எவரிடமும் விட்டுவிடாதீர்கள். சேர்க்கையின்போது அசலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருக்கிறது. கல்லூரிக்கே இல்லாத அந்த உரிமை, ஊர் ஊராக ஆள் சேர்ப்பவருக்கு எப்படி இருக்க முடியும்?

இந்த வாரமே வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகிய மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். முதல் பட்டதாரிச் சான்றுக்கு, குடும்பத்தினர் அனைவரின் கல்வி நிலையையும் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தர வேண்டியிருப்பதால், மற்ற இரண்டைவிடச் சற்றுக் காலம் எடுக்கும். கலந்தாய்வுச் சான்றிதழ் சரிபார்ப்பு தொடங்கிய பிறகு அலைவதைவிட இப்போது செய்துவிடுவது நல்லது.

கேள்வி: அரசு உதவி பெறும் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உதவித்தொகை விண்ணப்பம் ஏற்கப்பட்டதாக இணையதளம் காட்டுகிறது. உடன் படிப்பவர்களுக்குப் பணம் வந்துவிட்டது. எனக்கு மட்டும் வரவில்லை. வங்கியில் கேட்டால் ஆதார் இணைக்கப்பட்டிருக்கிறது என்கிறார்கள்.
– மாணவர், தஞ்சாவூர்

பதில்: வங்கிக் கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவு செய்திருப்பது வேறு, அரசின் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக அந்தக் கணக்கைத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் பட்டியலில் ஆதாருடன் பிணைத்திருப்பது வேறு. முதலாவது, உங்களை வங்கி அடையாளம் கண்டுகொள்வதற்காக மட்டும். உதவித்தொகை வருவது இரண்டாவதன் வழியாகவே. வங்கி ஊழியர் முதலாவதைப் பார்த்துவிட்டு இணைப்பு இருக்கிறது என்று சொல்லியிருக்கக்கூடும். ஆதார் இணையதளத்தில் உங்கள் எண்ணைக் கொண்டு நுழைந்து, எந்த வங்கி பிணைக்கப்பட்டுள்ளது, அது செயல்பாட்டில் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஒரே நேரத்தில் ஒரு வங்கிதான் அவ்வாறு பிணைக்கப்பட்டிருக்கும். கடைசியாக எந்த வங்கியில் ஒப்புதல் படிவம் கொடுத்தீர்களோ அங்கேதான் பணம் போகும். எனவே, பள்ளிக் காலத்தில் தொடங்கிப் பிறகு கவனிக்காமல் விட்ட கணக்கு ஏதேனும் உண்டா என்றும் நினைவுபடுத்திப் பாருங்கள். பணம் அங்கே வந்து கிடக்கலாம்; அல்லது அந்தக் கணக்கு முடக்கப்பட்டதால் திரும்பிப் போயிருக்கலாம்.

இதுவும் சரியாக இருந்தால், பெயரைப் பாருங்கள். ஆதாரில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னும், மதிப்பெண் சான்றிதழில் பின்னும், வங்கிப் புத்தகத்தில் தந்தையின் முழுப் பெயராகவும் இருப்பது நம் மாநிலத்தில் மிகச் சாதாரணம். ஆனால் கணினிக்கு அவை மூன்று வேறு மனிதர்கள். மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே மற்ற இரண்டையும் திருத்திக்கொண்டு, கல்லூரியில் யூமிஸ் (உயர்கல்வி மாணவர் விவரங்களுக்கான அரசு இணையதளம்) பதிவைக் கவனிக்கும் அலுவலரிடம் சொல்லிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஆதிதிராவிடர் வகுப்பைச் சேர்ந்தவன். கலந்தாய்வு வழியாகத் தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வரும்வரை கட்டணத்தைச் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும் என்று கல்லூரி கேட்கிறது. இது சரியா?
– மாணவர், அரியலூர் மாவட்டம்

பதில்: பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத பட்டியல் சாதி மாணவர்களுக்கான இத்திட்டத்தின் நோக்கமே, கையில் பணமில்லை என்பதற்காக ஒருவர் கல்லூரி வாசலில் நிறுத்தப்படக் கூடாது என்பதுதான். அதற்காகவே தகுதியுள்ள மாணவர் முன்கூட்டிக் கட்டணம் செலுத்தாமல் சேர ‘ஃப்ரீஷிப் கார்டு’ என்ற ஏற்பாட்டை மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் வகுத்திருக்கின்றன. எனவே, நீங்கள் தகுதியுள்ளவர் என்பதையும் விண்ணப்ப எண்ணையும் குறிப்பிட்டுக் கல்லூரி முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை பெறுங்கள். அதன் நகலை மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலரிடம் சேருங்கள். வாய்மொழியாக வாதிடுவதைவிட ஒப்புகை முத்திரை பதிந்த ஒரு தாள் உங்களுக்குக் கூடுதலாக உதவும்.

உங்கள் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. இத்திட்டத்தின் செலவை மத்திய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் பகிர்ந்துகொள்கின்றன. மத்திய அரசின் பங்கு இப்போது கல்லூரிக்குச் செல்லாமல் மாணவரின் கணக்கிலேயே வருகிறது. வீட்டில் மருத்துவச் செலவோ வட்டிக் கடனோ நெருக்கும்போது அந்தப் பணம் வேறு வழியில் கரைந்துவிடுகிறது. பிறகு கல்லூரி கேட்கும்போது குடும்பம் திணறுகிறது. வந்த ஏழு நாட்களுக்குள் கட்டணப் பகுதியைக் கல்லூரியில் செலுத்த வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்தக் கணக்கை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்பதையும், இனிமேல் சேரவிருக்கும் உங்கள் தம்பி தங்கைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: மகனின் பொறியியல் படிப்புக்காகக் கல்விக் கடன் கேட்டு வங்கிக்குச் சென்றேன். “நீங்கள் எங்கள் கிளை எல்லைக்குள் இல்லை, உங்கள் பயிர்க்கடனும் நிலுவையில் இருக்கிறது, சொத்துப் பத்திரம் கொண்டு வாருங்கள்” என்று சொல்லி, விண்ணப்பத்தை வாங்காமலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான்கு லட்சம்தான் கேட்டேன்.
– விவசாயி, சேலம் மாவட்டம்

பதில்: ஐயா, அவர்கள் சொன்ன மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கிளை எல்லை என்ற காரணம் செல்லாது. வசிப்பிடம் கிளையின் சேவைப் பகுதியில் இல்லை என்பதற்காகக் கல்விக் கடன் விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. சொத்துப் பத்திரம் கேட்டதும் தவறு. நான்கு லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குப் பிணைச் சொத்து வாங்கக் கூடாது என்பது வங்கிகள் கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதி. அந்தத் தொகைவரை உங்கள் பங்காக முன்பணம் போடவும் தேவையில்லை. ஏழரை லட்சம் வரையிலான கடன்களுக்கு அரசின் கடன் உத்தரவாத நிதியும் இருக்கிறது.

பயிர்க்கடன் நிலுவை மட்டும் உண்மையான இடையூறு. தந்தையோ தாயோ இணைக் கடனாளியாகச் சேர்வதால், அவர்களுடைய பழைய கடன் வரலாற்றை வங்கி பார்க்கிறது. மாணவரின் கடன் மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் கூறியது என்றாலும், பெற்றோரின் நிலுவைக்கு அதை அப்படியே பொருத்திப் பேச முடியாது. முதலில் உங்கள் கடன் வரலாற்று அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகப் பெறலாம். கட்டி முடித்த கடன் அதில் இன்னும் நிலுவையாகக் காட்டப்படுவதும் உண்டு. அப்படியானால் கடன் தீர்ந்த சான்றைக் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம். நிலுவை உண்மையென்றால், அதைத் தீர்க்கவோ தவணையை ஒழுங்குபடுத்தவோ முயன்றுகொண்டே, உங்கள் மனைவியை இணைக் கடனாளியாகச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

அடுத்து, விண்ணப்பத்தைக் கையில் கொண்டு போகாதீர்கள். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிவு செய்தால், ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகளுக்கு அனுப்பலாம். வாங்கவே இல்லை என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதுவும் கிளை மேலாளர் தனியாக முடிவு செய்யாமல் மேலதிகாரியின் ஒப்புதலுடன்தான் மறுக்க வேண்டும். எழுத்துவழி மறுப்பு வந்தால், அதே வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். முப்பது நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கு முன்பாக, மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரையும், மாவட்ட ஆட்சியர் நடத்தும் கல்விக் கடன் முகாமையும் நாடுங்கள். பல சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

கடன் வரும்வரை முதல் பருவக் கட்டணத்துக்குத் தனியாரிடம் கந்து வட்டிக்கு மட்டும் வாங்கிவிடாதீர்கள். வங்கியிடமிருந்து கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம் பெற்றுக் கல்லூரியில் அவகாசம் கேளுங்கள். இயலாதபோது கூட்டுறவு வங்கியில் நகைக் கடன் பெற்றுக் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஏற்கெனவே கட்டிய தொகையைக் கல்விக் கடனிலிருந்து ஈடுசெய்ய வங்கி ஒப்புக்கொள்ளக்கூடும். கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: படிக்கும் காலத்தில் கல்விக் கடனுக்கு எதுவும் கட்ட வேண்டியதில்லை என்கிறார்கள். அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே சரி. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு நான்கு லட்சம் வாங்குவதாகவும், வட்டி 10 விழுக்காடு என்றும் கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, இரண்டாவதற்கு நான்கு, மூன்றாவதற்கு மூன்று, கடைசியாக வாங்கியதற்கு இரண்டு ஆண்டு என, தனி வட்டியாகவே 1,40,000 ரூபாய் சேர்ந்துவிடும். தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ரூபாய். பத்து ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ 7,100 ரூபாய். வட்டியை அவ்வப்போது கட்டி வந்திருந்தால், அதே காலத்துக்கு மாதம் 5,300 ரூபாய் அளவில் முடிந்துவிடும். முதல் ஆண்டில் அந்த வட்டி மாதம் 830 ரூபாய்தான். முடிந்தவர்கள் கட்டுவதே நல்லது. அவ்வாறு கட்டி வருவோருக்கு வட்டி விகிதத்தில் சிறு தள்ளுபடி தரும் வங்கிகளும் உண்டு.

ஆனால், பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்து, படிப்பு தொழிற்கல்வியாகவோ தொழில்நுட்பக் கல்வியாகவோ இருந்தால், இந்தக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் 2009-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. கல்லூரியோ படிப்போ உரிய தர அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தேசியத் தரவரிசையில் முன்னிலையில் உள்ள கல்வி நிறுவனங்களில் சேர்ந்தவர்களுக்காக 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், 8 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கு, பத்து லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகை உண்டு. இவை தாமாக வந்து சேர்வதில்லை. வருமானச் சான்றை வங்கியில் கொடுத்து, மானியத்துக்குப் பதிவு செய்தீர்களா என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்டாக வேண்டும். படிப்பை இடையில் நிறுத்திவிட்டால் மானியமும் போய்விடும் என்பதையும் பிள்ளைகளுக்குத் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: முதலாம் ஆண்டில் எதற்கும் விண்ணப்பிக்கத் தெரியவில்லை. கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்குச் செல்லும் மகனுக்கு இனி ஏதேனும் வாய்ப்பு உண்டா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: உண்டு. அவர் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருந்தால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறத் தகுதியுடையவர்; தொலைநிலைக் கல்வியில் படிப்போருக்கு மட்டும் இது கிடையாது. பிற்படுத்தப்பட்ட அல்லது மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினராக இருந்து, அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் மூன்றாண்டு இளங்கலை படித்தால், வருமான வரம்பின்றியே கல்வி உதவி உண்டு. யூமிஸ் வழியாகப் புதிய விண்ணப்பமாகப் பதியச் சொல்லுங்கள். கல்விக் கடனையும் எஞ்சிய இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் கேட்கலாம். அதற்குக் கல்லூரியிலிருந்து படிப்புச் சான்றும், ஆண்டுவாரியான கட்டண விவரமும், முதலாம் ஆண்டு மதிப்பெண் பட்டியலும் வாங்கிக்கொள்ளுங்கள். தேர்ச்சி பெறாத தாள்கள் இருந்தால் வங்கி தயங்கும் என்பதால், அவற்றை முடிக்கும் திட்டத்தையும் மகனிடம் இப்போதே பேசிவிடுங்கள்.